டெல்லி டீசலிலிருந்து எரிவாயுவுக்கு மாறியது, 1998–2002: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு பெருநகரத்தின் பேருந்து, ஆட்டோ, டாக்சி எல்லாவற்றையும் நாலரை ஆண்டுக்குள் பெட்ரோல், டீசலிலிருந்து வேறோர் எரிபொருளுக்கு மாற்ற முடியுமா? டெல்லி மாற்றியது. அந்த மாற்றம் எப்படி நடந்தது, எந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது, சுமை யார் தலையில் விழுந்தது என்பதை வரிசையாகப் பதிவு செய்கிறேன். இன்று ஊருக்கு ஊர் மின்பேருந்து வந்துகொண்டிருக்கும் நேரத்தில், அந்த அனுபவத்தை நாம் சரியாகப் படிக்கவில்லை என்பது என் வருத்தம்.

பின்னணி

எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் 1985இல் டெல்லியின் காற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதற்குள் வண்டிகள் பெருகின. தொண்ணூறுகளில் டெல்லியில் வேலை பார்த்தவர்களுக்கு ஐடிஓ சந்திப்பின் காற்று இன்னும் நினைவிருக்கும்: சிக்னல் விழுந்து பேருந்துகள் கிளம்பும்போது எழும் கரும்புகை, டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்களின் பின்னால் வரும் எண்ணெய்ப் புகை, மாலையில் வீடு திரும்பியதும் சட்டைக் காலரில் படிந்திருக்கும் கறுப்பு.

காரணங்கள் தெரிந்தவைதான். தொண்ணூறுகளின் நடுவில் இந்திய டீசலில் கந்தகம் 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருந்தது. இன்றைய பிஎஸ் 6 தரவிதிப்படி வரும் டீசலில் இருப்பது 10 பிபிஎம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் சேர்க்க வேண்டும்; ஆட்டோக்காரர்கள் அதைக் கண் அளவாக, தேவைக்கு அதிகமாகவே ஊற்றினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கலப்படம். ரேஷன் மானியத்தில் மலிவாகக் கிடைத்த மண்ணெண்ணெய், டீசல் டேங்கருக்குள் போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்குள் ஊற்றுவது என்னவென்று யாராலும் உறுதி சொல்ல முடியாத நிலை.

1998 ஜனவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஓர் ஆணையம் அமைந்தது. பூரே லால் அதன் தலைவர். அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் உறுப்பினர். ஆணையம் சில மாதங்களிலேயே ஒரு செயல்திட்டத்தை நீதிமன்றத்தின் முன் வைத்தது.

1998 ஜூலை 28 உத்தரவு

அந்தத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்று, ஒவ்வொன்றுக்கும் கெடு வைத்தது. ஈய பெட்ரோல் 1998 செப்டம்பர் 1க்குள் நிற்க வேண்டும். 1990க்கு முந்தைய ஆட்டோ, டாக்சி எல்லாம் 2000 மார்ச் 31க்குள் தூய எரிபொருளில் ஓடும் புது வண்டிகளாக மாற வேண்டும். எட்டு ஆண்டு பழைய பேருந்துகள் 2000 ஏப்ரல் 1க்குப் பிறகு எரிவாயுவிலோ வேறு தூய எரிபொருளிலோதான் ஓடலாம். அரசுப் பேருந்து, தனியார் பேருந்து எதுவானாலும் மொத்த நகரப் பேருந்தும் 2001 மார்ச் 31க்குள் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு, அதாவது சிஎன்ஜிக்கு, மாறியாக வேண்டும். பொதுப் போக்குவரத்தை 2001 ஏப்ரல் 1க்குள் 10,000 பேருந்துகளாக உயர்த்த வேண்டும். சிஎன்ஜி நிரப்பும் நிலையங்களை 9லிருந்து 80 ஆக்கும் பொறுப்பு அரசு எரிவாயு நிறுவனமான கெயிலுக்கு. அதற்கும் கெடு 2000 மார்ச் 31.

இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பழைய ஆட்டோவும் டாக்சியும் மாறி முடிய வேண்டிய நாளும், எரிவாயு நிலையங்கள் தயாராக வேண்டிய நாளும் ஒன்றே. மறுநாள் எட்டு ஆண்டு பழைய பேருந்துகளும் அதே குழாயிடம் வந்து நிற்கும். இடையில் ஒரு மாதம்கூட இடைவெளி இல்லை. பின்னால் நடந்த பெரும்பாலான அவதிக்கு விதை இங்கேதான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

ஏன் எரிவாயு

ஹஜிராவிலிருந்து ஜக்தீஷ்பூர் வரை போகும் எச்பிஜே குழாய் டெல்லிப் பக்கம் ஏற்கெனவே வந்திருந்தது. அரபிக்கடல் வயல்களிலிருந்து எடுக்கும் எரிவாயு அதில் ஓடியது. எரிவாயு எரியும்போது கரித்துகள் மிகக் குறைவு. கந்தகம் ஏறக்குறைய இல்லை. இவையெல்லாம் நல்ல காரணங்களே.

ஆனாலும் என்னைப் பொறுத்தவரை வலுவான காரணம் வேறு. குழாயில் வரும் எரிவாயுவில் மண்ணெண்ணெய் கலக்க முடியாது. பேருந்து எரிவாயுவில் ஓடுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம். குனிந்து பார்த்தால் சிலிண்டர் தெரியும். கண்காணிப்பு பலவீனமான ஊரில், கலப்படம் வாடிக்கையாகிவிட்ட சந்தையில், கண்ணால் சரிபார்க்கக்கூடிய விதிதான் நிற்கும்.

எதிர்த்தரப்பு வாதமும் லேசானதல்ல. எந்த எரிபொருள் என்று அரசோ நீதிமன்றமோ சொல்லக்கூடாது, புகை இவ்வளவுதான் இருக்கலாம் என்று வரம்பு வைத்துவிட்டு வழியை உற்பத்தியாளரிடம் விடவேண்டும் என்றார்கள். கந்தகம் குறைந்த டீசலும் தூய எரிபொருள்தான் என்றார்கள். 2001இல் நீதிமன்றம் இதை ஆராயும்படி ஆணையத்திடமே கேட்டது. அன்று டெல்லியில் கிடைத்த சிறந்த டீசலில் கந்தகம் 500 பிபிஎம். கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒழுங்காக வேலை செய்ய அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். அதைத் தூய எரிபொருள் என்று ஆணையம் ஏற்கவில்லை. அப்படிப்பட்ட டீசல் டெல்லி பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்து சேர்ந்தது பிஎஸ் 6 எரிபொருளோடு, 2018 ஏப்ரலில். நல்ல டீசல் வரட்டும் என்று டெல்லி காத்திருந்தால் எத்தனை ஆண்டு காத்திருந்திருக்கும் என்பதை இந்தத் தேதியே சொல்லிவிடும்.

கெடு வந்தது

எரிவாயு விநியோகத்துக்கென்று 1998 டிசம்பரில் இந்திரபிரஸ்தா கேஸ் நிறுவனம் உருவானது. கெயில், பாரத் பெட்ரோலியம், டெல்லி அரசு மூன்றும் அதில் பங்குதாரர்கள். நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் தனியார் பேருந்து உரிமையாளர்களில் பலர் அசையவில்லை. கெடு தள்ளிப்போகும் என்றே நம்பினார்கள். நம்பியதில் தப்பு சொல்ல முடியாது. மத்திய அரசிலும் மாநில அரசிலும் பொறுப்பில் இருந்தவர்களே அவகாசம் கேட்கப்போவதாக வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சேசிஸுக்கு, அதாவது பேருந்தின் அடிச்சட்டத்துக்கு, கடன் வாங்கிப் பணம் கட்ட வேண்டியவர், அரசே சந்தேகத்தோடு பேசும்போது எப்படிக் கட்டுவார்?

2001 மார்ச் 26 அன்று நீதிமன்றம் பொதுவான அவகாசம் தர மறுத்தது. சிஎன்ஜி பேருந்துக்கு ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தவர்களுக்கு மட்டும் அந்த ஆண்டு செப்டம்பர் 30 வரை சலுகை. ஏப்ரல் முதல் வாரம் நகரம் திணறியது. டீசல் பேருந்துகள் நின்றன, மாற்றுப் பேருந்துகள் போதவில்லை. நிறுத்தங்களில் கூட்டம் சேர்ந்தது, பள்ளிப் பிள்ளைகள் வழியில் மாட்டிக்கொண்டார்கள், பயணிகளின் கோபம் கண்ணில் பட்ட பேருந்துகள் மேலேயே திரும்பியது. காற்றுக்காக வந்த உத்தரவு, பேருந்தை நம்பி வாழும் ஏழையைத்தான் முதலில் தொட்டது. கார் வைத்திருந்தவருக்கு அந்த வாரம் சாலை கொஞ்சம் காலியாகக்கூட இருந்திருக்கும்.

நிரப்பும் நிலையத்தில் என்ன நடந்தது

இந்த நிகழ்வில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டீசல் திரவம். ஐந்து நிமிடத்தில் டேங்க் நிறையும். சிஎன்ஜி அப்படியல்ல. 200 பார் அழுத்தத்துக்கு (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு) அமுக்கினாலும், ஒரு லிட்டர் இடத்தில் டீசல் தரும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் அதில் அடங்கும். ஆகவே வண்டி அடிக்கடி நிரப்ப வர வேண்டும். டீசல் பங்க் கணக்கில் நிலையங்களை எண்ணினால் அது தப்புக் கணக்கு.

எல்லா நிலையமும் ஒன்றுபோல் வேலை செய்வதும் இல்லை. குழாய் நேராக வந்து சேரும் இடத்தில் பெரிய கம்ப்ரஸர் இருக்கும். அதைத் தாய் நிலையம் என்பார்கள். குழாய் போகாத இடத்தில் இருப்பது மகள் நிலையம். தாய் நிலையத்தில் வரிசையாக அடுக்கிய பெரிய சிலிண்டர்களை நிரப்பி, லாரியில் ஏற்றி, மகள் நிலையத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து வண்டிக்கு ஏற்றுவார்கள். லாரி டெல்லி போக்குவரத்தில்தான் வர வேண்டும். வந்த பிறகும், லாரிச் சிலிண்டரில் அழுத்தம் அதிகமாக இருக்கும்வரைதான் எரிவாயு வண்டிக்குள் வேகமாகப் பாயும். பத்து வண்டிக்கு ஊற்றியதும் அழுத்தம் இறங்கும், பாய்ச்சல் மந்தமாகும். இரண்டு பக்க அழுத்தமும் சமமானால் முள் அசையாது. பின்னால் வரும் ஆட்டோவுக்கு முழுச் சிலிண்டர் கிடைக்காது. கிடைத்ததை வாங்கிக்கொண்டு போய், சீக்கிரமே மறுபடி வரிசைக்கு வர வேண்டும். ஆக, மகள் நிலையம் ஒன்று கூடினால் வரிசை ஒன்று குறையும் என்று சொல்லிவிட முடியாது. கோடைக்காலத்தில் இன்னொரு சிக்கல்: வேகமாக நிரப்பும்போது சிலிண்டர் சூடேறும், சூடான எரிவாயு அதிக இடம் பிடிக்கும். மீட்டர் 200 காட்டினாலும் உள்ளே போன எடை குறைவாகவே இருக்கும். மின்சாரம் போனால் மின்கம்ப்ரஸர் நிற்கும். அப்புறம் எல்லோரும் சும்மா நிற்க வேண்டியதுதான்.

2001லும் 2002இன் தொடக்கத்திலும் ஆட்டோ வரிசைகள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டன. எஞ்சினை அணைத்துவிட்டு ஓட்டுநர்கள் வண்டியைக் கையால் தள்ளி நகர்த்தினார்கள்; நிரப்ப வந்த இடத்தில் இருப்பதையும் எரிக்க முடியுமா? இரவில் வரிசையிலேயே தூங்கினார்கள். வாடகை ஆட்டோ ஓட்டுகிறவர் உரிமையாளருக்கு அன்றாடம் கட்ட வேண்டிய தொகை, வரிசையில் நின்றாலும் ஓடிக்கொண்டே இருக்கும். காற்றைச் சுத்தம் செய்ததற்கான விலையில் ஒரு பெரிய பங்கை இவர்கள் தங்கள் உழைப்பு நேரமாகக் கட்டினார்கள். எந்தச் செலவுக் கணக்கிலும் அந்த மணிநேரங்கள் ஏறவில்லை.

தீப்பிடித்த பேருந்துகள்

இதே காலத்தில் சில சிஎன்ஜி பேருந்துகள் தீப்பிடித்தன. பயம் பரவியது, மாற்றத்தை எதிர்த்தவர்களுக்கு அது வாதமாகவும் கிடைத்தது.

இங்கே எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அமுக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். எரிவாயுவுக்குத் தீப்பொறி வேண்டும், அமுக்க விகிதத்தையும் குறைக்க வேண்டும். பழைய டீசல் எஞ்சினைத் திறந்து இப்படி மாற்றியமைப்பது ஒரு வழி. எரிவாயுவுக்கென்றே கட்டிய புதுப் பேருந்து இன்னொரு வழி. முதல் வழி மலிவு. ஆனால் கெடு நெருக்கிய அவசரத்தில், பழகாத கைகளால் செய்த வேலையில் குறைகள் வந்தன: கசியும் இணைப்புகள், சரியாகப் பொருத்தாத குழாய்கள், எரிவாயுக் குழாய்க்குப் பக்கத்தில் போகும் மின்கம்பி. ஆணையம் இதை ஆராய்ந்து, எரிபொருளை மாற்றச் சொல்லவில்லை. பரிசோதனையை இறுக்கச் சொன்னது. அந்த முடிவு மிகச் சரி. பிரச்சினை பொருத்துவதில் இருந்தது. எடுத்த எடுப்பில் எரிபொருளைக் குற்றவாளியாக்கியிருந்தால் எல்லாமே அங்கேயே நின்றிருக்கும்.

2002 ஏப்ரல் 5

செப்டம்பர் கெடுவும் தள்ளிப்போனது. இதற்கிடையில் 2001இல் மத்திய அரசு அறிவியலாளர் ஆர்.ஏ. மாஷேல்கர் தலைமையில் வாகன எரிபொருள் கொள்கைக் குழு ஒன்றை அமைத்தது. அரசு புகை வரம்பை மட்டும் வைக்கட்டும், எரிபொருளைப் பெயர் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பது அதன் இடைக்கால அறிக்கையின் சாரம். அந்த அறிக்கையைக் காட்டி உத்தரவைத் தளர்த்தக் கேட்டது அரசு.

2002 ஏப்ரல் 5 தீர்ப்பில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தக் குழுவில் ஒரு மருத்துவரோ பொதுச் சுகாதார வல்லுநரோ இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. மக்களின் உடல்நலம்தான் வாகனக் கொள்கையின் மையம் என்றது. தொடர்ந்து டீசலில் ஓடும் ஒவ்வொரு பேருந்துக்கும் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம், 30 நாள் கழிந்தால் 1,000 ரூபாய். மே மாதம் முதல் மாதத்துக்கு 800 டீசல் பேருந்துகள் விலக வேண்டும். எரிவாயு ஒதுக்கீட்டில் போக்குவரத்துக்கே முன்னுரிமை தரவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

இந்தத் தீர்ப்பு ஏன் வேலை செய்தது என்று பார்த்தால், முந்தைய உத்தரவுகளில் இல்லாத இரண்டு இதில் இருந்தன. ஒன்று, மாதாமாதம் எண்ணிப் பார்க்கக்கூடிய படிகள். மொத்தமாக ஒரே நாளில் எல்லாம் நிற்கும் கெடுவை யாரும் நம்பவில்லை. மாதம் 800 என்றால் அடுத்த மாதம் தன் முறை வரும் என்று உரிமையாளருக்குத் தெரிந்தது. இரண்டு, எரிவாயுவை யாருக்கு முதலில் ஒதுக்குவது என்று மத்திய அரசுக்கும் கட்டளை போனது. 1998இலேயே இந்த இரண்டையும் எழுதியிருக்கலாம்.

2002 டிசம்பர் 1 முதல் டெல்லி நகரப் பேருந்துகளில் டீசல் இல்லை. அதே மாதம்தான் மெட்ரோவின் முதல் தடம் ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையே ஓடத் தொடங்கியது.

பின்விளைவுகள்

பேருந்துப் புகை கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. காற்றில் கந்தக டைஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் இறங்கின. டீசல் பேருந்துகள் மாறியதால் கரித்துகளும் குறைந்தது என்று பின்னர் வந்த ஆய்வுகள் கண்டன. ஆட்டோக்கள் மாறியதில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. எஞ்சினின் தரமே மட்டமாக இருந்தது. எரிவாயுவில் ஓடிய ஆட்டோவும் எண்ணெயை எரித்து வெள்ளைப் புகை விட்டது.

கிடைத்த லாபம் நீடிக்கவும் இல்லை. பேருந்துக்கு மறுத்த டீசலைத் தனியார் கார் தாராளமாகக் குடித்தது. வரி குறைவாக இருந்ததால் டீசல் மலிவு, ஆகவே டீசல் கார் விற்பனை ஏறியது. டெல்லிக்குள் எந்த வேலையும் இல்லாத லாரிகள் இரவில் நகரத்தின் நடுவே கடந்து போயின. அவற்றை வெளியே திருப்பிவிட வேண்டிய கிழக்கு, மேற்குச் சுற்றுவழி விரைவுச்சாலைகள் இரண்டும் முழுமையாகத் திறந்தது 2018இல். உத்தரவில் இருந்த 10,000 பேருந்து என்ற இலக்கு கெடுவுக்குள் எட்டப்படவில்லை. எரிபொருள் பகுதிக்கு ஆணையமும் நீதிமன்றமும் பத்திரிகைகளும் காவல் நின்றன. பேருந்து எண்ணிக்கைக்கு அப்படி யாரும் நிற்கவில்லை. பெட்ரோலியம் குறைய வேண்டும் என்றால் காரில் போகிறவர் பேருந்தில் ஏற வேண்டும். அந்தப் பாதி வேலை அப்படியே கிடந்தது.

ஆட்டோக்காரர்களுக்கு வேறொரு அடி. 1997 டிசம்பரில் இருந்தே டெல்லியில் ஆட்டோ எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருந்தது. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புது சிஎன்ஜி வண்டி வாங்க வழியில்லாதவர் பர்மிட்டை விற்றார் அல்லது ஃபைனான்சியரிடம் அடகு வைத்தார். புதுப் பர்மிட் கிடைக்காத ஊரில் பழைய பர்மிட்டின் கள்ளவிலை வண்டி விலையைத் தாண்டியது. சொந்த ஆட்டோ ஓட்டியவர் வாடகை ஆட்டோ ஓட்டுகிறவரானார். 2011இல் உச்ச நீதிமன்றம் வரம்பை ஒரு லட்சமாக உயர்த்தியது. பத்தாண்டு தாமதம்.

எரிவாயுவும் டீசலைப் போலப் புதைபடிவ எரிபொருள்தான் என்பதை ஊர் மறந்தது. உள்நாட்டு எரிவாயு போதாமல் போனதும் திரவமாக்கிய எரிவாயு கப்பலில் வரத் தொடங்கியது. 2004இல் அதை இறக்கும் தஹேஜ் முனையம் குஜராத்தில் திறந்தது. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி உலகச் சந்தையில் விலை ஏறியதும் டெல்லியில் சிஎன்ஜி விலையும் ஏறியது. அந்த ஏப்ரலில் ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

மறுபடி செய்தால் எதை மாற்ற வேண்டும்

எரிபொருளைப் பெயர் சொல்லி உத்தரவிட்டதை நான் மாற்றமாட்டேன். கொள்கையளவில் மாஷேல்கர் குழு சொன்னது சரி. ஆனால் வரம்பு மட்டும் வைத்தால் அதை அளக்க ஆள் வேண்டும், கருவி வேண்டும், கலப்படமில்லாத எரிபொருள் வேண்டும். 2000இல் டெல்லியிடம் இவை மூன்றும் இல்லை.

வரிசையை மாற்றுவேன். முதலில் குழாயும் கம்ப்ரஸரும், அப்புறம் வண்டி. நிலையங்கள் எத்தனை என்று கேட்காமல், ஒரு நாளில் எத்தனை வண்டிக்கு முழு அழுத்தத்தில் நிரப்ப முடியும் என்று கேட்டு அதற்குக் கெடு வைப்பேன். அந்தக் கெடு வண்டிகளின் கெடுவுக்கு ஆறு மாதமாவது முன்னால் இருக்க வேண்டும். எரிவாயு தரும் நிறுவனம் தவறினால் அபராதம் அந்த நிறுவனத்துக்கு. வரிசையில் நிற்கும் ஓட்டுநர் அதைச் சுமக்கக் கூடாது.

பேருந்துகளுக்கு மாற்றியமைக்கும் வழியைக் கூடுமானவரை தவிர்த்து, புதுப் பேருந்தையே வலியுறுத்துவேன். ஆட்டோவுக்கு உச்சவரம்பையும் கட்டாய மாற்றத்தையும் ஒன்றாக வைக்கக் கூடாது; இரண்டும் சேர்ந்தால் லாபம் ஃபைனான்சியருக்கே போகும். கடன் வங்கியிலிருந்து ஓட்டுநரின் பெயரிலேயே வர வேண்டும்.

தனியார் டீசல் காரையும் அதே உத்தரவுக்குள் கொண்டுவந்திருப்பேன், வரி வழியாகவாவது.

டெல்லியின் அரசுப் பேருந்துகள் 2022 முதல் மின்சாரத்துக்கு மாறி வருகின்றன. சென்னையிலும் 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் கிளம்பின. இங்கே கம்ப்ரஸருக்குப் பதில் பணிமனைக்கு வரும் உயர் அழுத்த மின் இணைப்பு, மகள் நிலையத்துக்குப் பதில் சார்ஜருக்காகக் காத்திருக்கும் பேருந்து. ஒவ்வொரு பணிமனையிலும் இரவில் எத்தனை பேருந்துகளை முழுமையாக ஏற்ற முடியும் என்ற எண்ணைப் பேருந்து வாங்கும் ஒப்பந்தத்துக்கு முன்பே வெளியிடச் சொல்லி நாம் கேட்கலாம். அந்த எண் வந்த பிறகு எத்தனை பேருந்து வாங்குவது என்று பேசலாம்.